மோட்டார்ஹோம் ஏசி: கேஸைக் குறை சொல்லும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில், அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் 25 அடி வீட்டு வண்டி, அதாவது மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஃபிளாக்ஸ்டாஃப், டியூபா சிட்டி, கயென்டா வழியாக மானுமென்ட் வேலிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள். அந்தப் பக்கத்து மணல் எங்கள் ஊர்த் தேரிக்காட்டு மணல் மாதிரியே செக்கச்செவேல் என்று இருக்கும். காற்று அடித்தால் பல்லுக்குள் நறநறக்கும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏசி சத்தம் மட்டும் போட்டது, காற்று வரவில்லை. 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்திருந்ததை அக்கா 60-க்கு இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர். "கேஸ் போயிட்டு. ஊர்ல நம்ம வீட்டு ஏசியும் இப்படித்தான் ஆச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஃபில்டரையும் பார்த்துவிடுவோம் என்று டார்ச்சோடு பின்பக்க ஏணியில் ஏறி வண்டியின் கூரைக்கே போய்விட்டார் அத்தான். அவர் மேலே தேடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அக்கா துடைப்பக் கட்டையால் உள்கூரையில் இருந்த கிரில்லை லேசாகத் தட்டினாள். அது படக்கென்று திறந்துகொண்டது. கம்பளித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று நேராகச் சாம்பார் சாதத்தில் விழுந்தது.

அதுதான் ஃபில்டர்.

அத்தானைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. மோட்டார்ஹோம் ஏசியைப் பற்றி அன்றைக்கு நாங்கள் நம்பியதெல்லாமே தப்பு. ஏசி கூரைமேல் உட்கார்ந்திருப்பதால் ஃபில்டரும் மேலேதான் என்று நினைத்தோம். வெளிக்காற்றை இழுத்துக் குளிராக்கி உள்ளே அனுப்புகிறது என்று நினைத்தோம். குளிரவில்லை என்றால் கேஸ் குறைந்துவிட்டது, இன்னும் குளிர வேண்டுமென்றால் டிகிரி எண்ணைக் குறைக்க வேண்டும் என்றும் நினைத்தோம். வண்டி வாங்கியவர்கள், வாடகைக்கு எடுத்தவர்கள் என்று யாரிடம் பேசினாலும் இந்த நான்கும் இன்றும் காதில் விழுகின்றன. ஏசி எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் நான்கும் சேர்ந்தே உதிர்ந்துவிடும்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை

ஒரு சொம்பில் ஐஸ் தண்ணீரை வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கும். சுற்றியுள்ள காற்றின் சூட்டைச் சொம்பு வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த காற்றால் தன் ஈரத்தைத் தாங்க முடியாமல் அது துளியாகப் படிகிறது. ஏசிக்குள் இருக்கும் குளிர்சுருளும் இப்படி ஒரு சொம்புதான். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே செப்புக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும். குழாய்க்குள் ஓடுகிற திரவம் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். அதைத்தான் நாம் 'கேஸ்' என்கிறோம். கொதிக்க வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அறைக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

எடுத்த சூட்டை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி, கூரையில் வெளிப்பக்கமாக இருக்கும் இன்னொரு சுருளுக்குத் தள்ளும். இது வெப்பச்சுருள். இங்கே வெளிக்காற்று பட்டு, சூடு வானத்துக்குப் போகும். ஆவி திரும்பத் திரவமாகி முதல் சுருளுக்கு வந்துவிடும். சுற்றிச் சுற்றி இதே வேலைதான்.

ஆக, கூரைமேல் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனிக் காற்றோட்டங்கள். வெளிக்காற்று வெப்பச்சுருளைத் தொட்டுவிட்டு வெளியிலேயே போய்விடும். வண்டிக்குள் இருக்கும் காற்று கிரில் வழியாக மேலே ஏறி, குளிர்சுருளைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளேயே இறங்கும். இரண்டும் கலக்கக் கூடாது. நமக்கு வருவது சுற்றிச் சுற்றி வரும் அதே பழைய காற்றுதான். நல்ல காற்று வேண்டுமென்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பிடியூ. பிடியூ என்பது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பதன் அளவு. ஊரில் நாம் சொல்கிற ஒரு டன் என்பது 12,000 பிடியூ. அதாவது ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டிய ஏசி ஒன்று, மெல்லிய சுவரும் பெரிய கண்ணாடியும் உள்ள ஒரு பெட்டியைப் பாலைவன வெயிலில் காப்பாற்ற வேண்டும். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. அந்த வெயிலில் இந்த ஏசிக்கு மிச்சசொச்ச பலம் எதுவும் கிடையாது.

குழாயில் கட்டிய துணி

ஊரில் தெருக்குழாய்த் தண்ணீருக்கு வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். மண்ணும் தூசியும் துணியில் நின்றுவிடும். அதனால் அந்தத் தண்ணீர் சுத்திகரித்த தண்ணீர் ஆகிவிடாது. குடத்துக்குள் மண் போகாது, அவ்வளவுதான். பத்து நாள் அவிழ்க்காமல் விட்டால் துணி பழுப்பாகி, தண்ணீர் நூல் மாதிரி வரும். மோட்டார் போட்டாலும் பிரயோஜனமில்லை. துணியை அவிழ்த்து உதறினால் மறுபடி கொட்டும்.

ஏசி ஃபில்டர் இந்தத் துணியேதான். பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் அது மெல்லிய ஸ்பாஞ்சு அல்லது பிளாஸ்டிக் வலை. முடி, நூல், மணல், பஞ்சு, இவற்றைப் பிடிக்கும். புகையையோ கிருமியையோ பிடிக்காது. அதன் வேலை நம் நுரையீரலைக் காப்பதல்ல, குளிர்சுருளைக் காப்பது. சுருளின் தகடுகள் சீப்புப் பற்களைவிட நெருக்கமானவை, ஈரமாகவும் இருக்கும். அதில் தூசி படிந்தால் களிமண் பூசியது மாதிரி ஆகிவிடும். ஃபில்டரைக் கழுவப் பத்து நிமிடம் போதும். சுருளைக் கழுவ மேல்மூடியைக் கழற்றி அரைநாள் மெனக்கெட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஏசியை ஓட்டாதே என்று கையேடுகளில் அழுத்திச் சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏசிக்குள் ஐஸ்

இனிமேல்தான் சுவாரசியமான இடம். ஃபில்டர் அடைத்தால் குளிர் குறையும் என்று எல்லோரும் ஊகிப்பார்கள். நடப்பது வேறு. குளிர்சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து போகும்!

குளிர்சுருள் சாதாரணமாக 4, 5 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். அதற்குக் கீழே இறங்காமல் அதைத் தாங்கிப் பிடிப்பது நாம் அனுப்பும் சூடான அறைக்காற்றுதான். ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தால், சுருளுக்கு வரும் சூடும் குறைகிறது. கம்ப்ரசர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. சுருள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. அதில் வியர்த்து நிற்கும் தண்ணீர் உறைகிறது. உறைந்த ஐஸ் தகடுகளின் இடைவெளியை அடைக்க, காற்று இன்னும் குறைகிறது; ஐஸ் இன்னும் கூடுகிறது.

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஃப்ரீசரில் ஐஸ் மலையாக வளர்ந்து கதவே மூடாது. அம்மா கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருப்பாள். ஏசிக்குள் வளர்வது அதே மலைதான். வண்டிக்குள் புழுக்கம், தலைக்கு மேலே ஐஸ்.

எண்ணை 60-க்கு இறக்கியது ஏன் தப்பு என்றும் இப்போது புரியும். தெர்மோஸ்டாட் என்பது எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் சுவிட்ச். வேகத்தைக் கூட்டும் முடுக்கி இல்லை. 68-இல் வைத்தாலும் 60-இல் வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 60 என்றால் நிற்கவே நிற்காது, அவ்வளவுதான். ஐஸ் உருக ஐந்து நிமிட இடைவெளிகூட அக்கா கொடுக்கவில்லை. சில ஏசிகளில் உறைவதைக் கண்டுபிடித்துக் கம்ப்ரசரை நிறுத்தும் ஒரு சிறு உணர்கருவி சுருளில் செருகியிருக்கும். அது இடம் நழுவியிருந்தால் காப்பாற்றாது.

மேசையில் சொட்டிய தண்ணீர்? சுருளில் வியர்க்கும் தண்ணீர் சாதாரணமாக ஒரு தட்டில் விழுந்து வண்டிக் கூரை வழியாக வெளியே ஓடிவிடும். உறைந்த பாளம் உருகும்போது தட்டுக்கு வெளியேயும் விழும். மழை ஒழுகுகிறது என்று கூரையில் பசை பூசியவர்களும் உண்டு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஏசி வண்டிக்குள் இருக்கும் காற்றையே சுற்றவைக்கிறது. அந்தக் காற்று சுருளுக்குப் போகும் வழியில் ஃபில்டர் இருக்கிறது. வழி அடைத்தால் சுருள் உறைகிறது, காற்று நிற்கிறது. கேஸ் அப்படியே இருக்கிறது.

வீட்டில் இல்லாத தொல்லை வண்டியில் ஏன்?

மணல் ஒரு காரணம். நாய் வளர்ப்பவர்களுக்கு முடி. ஆனால் நம்மவர்கள் விஷயத்தில் முதல் குற்றவாளி தாளிப்பு என்பேன். மோட்டார்ஹோமில் அடுப்புக்கும் ஏசி கிரில்லுக்கும் நடுவே ஆறேழு அடி இருந்தால் அதிகம். கடுகு வெடித்து, மிளகாய் கருகி எழும் எண்ணெய்ப் புகையை ஏசி நேராக உறிஞ்சும். புகை ஃபில்டரைத் தாண்டிப் போகும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அதில் விட்டுவிட்டுப் போகும். பிசுக்கில் மணல் ஒட்டும். அப்புறம் அது உதறினாலும் போகாத மெத்தை. எங்கள் வீட்டு விதி: தாளிக்கும் ஐந்து நிமிடம் ஏசி நிற்கும், புகையை வெளியே தள்ளும் கூரை விசிறி ஓடும், ஒரு ஜன்னல் திறந்திருக்கும். வடை, பூரி எல்லாம் வண்டிக்கு வெளியே மேசையில் தனி அடுப்பு வைத்துத்தான்.

ஃபில்டர் எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்று. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் டேஷ்போர்டில் வருவது வேறு ஏசி. எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும், காரில் இருப்பது போலத்தான். நாம் பேசுவது வீட்டுப் பகுதிக்கான கூரை ஏசி. அதற்கு வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில் உள்ள மின்சாரமோ ஜெனரேட்டரோ வேண்டும்.

உள்ளே நின்று நிமிர்ந்து பாருங்கள். கூரையில் 14 அங்குலச் சதுரத் துளை ஒன்று போட்டு, அதன்மேல் ஏசியை உட்கார வைத்திருப்பார்கள். துளைக்கு நேர் கீழே, உள்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோ கிரில்லோ இருக்கும்.

அந்தப் பெட்டியிலேயே திருகும் குமிழ்கள் இருந்து, குளிர்காற்றும் அதிலிருந்தே அடித்தால், அது குழாய்வழி இல்லாத வகை. குளிர்காற்று முன்னும் பின்னும் இருக்கும் திருப்பும் வாய்கள் வழியாக வரும். பக்கவாட்டில் இருக்கும் கோடுபோட்ட கிரில்கள்தான் உள்ளிழுக்கும் பக்கம். பல வண்டிகளில் விரல்நுனியால் நெம்பினாலே கிரில் கையோடு வரும், ஃபில்டர் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். ஒன்றைக் கழுவிவிட்டு மற்றதை மறப்பவர்கள் அதிகம். சிலவற்றில் குமிழ்களை உருவிவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, மூடியையே இறக்க வேண்டியிருக்கும்.

சுவரில் தெர்மோஸ்டாட் இருந்து, கூரை நெடுக வட்டவட்டமாகக் காற்றுவாய்கள் இருந்தால் அது குழாய்வழி வகை. நாங்கள் எடுத்த வண்டி இது. ஏசிக்கு நேர் கீழே, காற்று வெளிவராத பெரிய செவ்வகக் கிரில் ஒன்று தட்டையாக இருக்கும். கால் சுற்றுத் திருகும் கொண்டிகளோ, அமுக்கும் கிளிப்புகளோ, சில வண்டிகளில் காந்தமோ பிடித்திருக்கும். ஒருபக்கம் கீல் இருந்தால் கதவு போல இறங்கும். துடைப்பக் கட்டை தேவைப்படாது. படுக்கையறையில் இரண்டாவது ஏசி இருந்தால் அங்கேயும் ஒரு கிரில் உண்டு. ஏசியைத் தரைக்கு அடியில் வைத்த சில பழைய பெரிய வண்டிகளில் கிரில் சுவரின் கீழ்ப்பகுதியிலோ அலமாரிக்குப் பக்கத்திலோ இருக்கும்.

எது உள்ளிழுக்கும் கிரில் என்று குழப்பமா? விசிறியை ஓடவிட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொண்டால் ஃபில்டர் அங்கேதான்.

கழற்றுவது, கழுவுவது

ஏசியை நிறுத்தி, விசிறி நிற்கும்வரை பொறுங்கள். கிரில்லை மட்டும் இறக்குவதானால் இது போதும். மூடியைக் கழற்ற வேண்டிய வகை என்றால், மேலே மின்கம்பிகள் இருக்கும். வண்டியின் மின்பலகையில் ஏசிக்கான பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். கீழே பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். எங்கள் அனுபவத்தில் தட்டுகளையும் அப்புறப்படுத்துவது நல்லது. ஃபில்டரை உருவும்போது அழுக்குப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து எடுத்தால் தூசி கொட்டாது.

வெறும் தூசி என்றால் வேக்யூம் கிளீனரால் முதலில் உறிஞ்சிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். ஸ்பாஞ்சைத் துணி மாதிரி முறுக்கிப் பிழியாதீர்கள், கிழியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கினால் போதும். கொதிக்கும் தண்ணீர், பிளீச் வேண்டாம். அன்று எங்கள் ஃபில்டரை அலசியபோது முதல் தண்ணீர் வறுத்து அரைத்த மல்லித்தூளைக் கரைத்தது மாதிரி இருந்தது. நாலாவது தண்ணீரில்தான் வாளியின் அடி தெரிந்தது. வண்டியின் சிங்கில் அலசினால் கழிவுநீர்த் தொட்டி நிறையும், தண்ணீர் இணைப்பு இல்லாத இடமென்றால் நல்ல தண்ணீரும் வீணாகும். அதனால் சின்ன வாளியில் அலசி, முகாமில் கழிவுநீர் ஊற்றும் இடத்தில் ஊற்றிவிடுவோம். கண்ட இடத்தில் கொட்ட விடமாட்டார்கள்.

நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாக ஒட்டும், பூசண வாடையும் வரும். அரிசோனாவில் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் ஸ்பாஞ்சு நொறுங்கிப் போகும். நொறுங்கினால் கவலையில்லை, ஏசி ஃபில்டருக்கான ஸ்பாஞ்சு விரிப்பை வாங்கி, பழையதை அளவாக வைத்துக் கத்தரித்துக்கொள்ளலாம். மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியில் எப்போதும் கிடந்தால் காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டு ஏசிக்கு விற்கும் கெட்டியான மடிப்பு ஃபில்டரை வெட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுண்தூசியைப் பிடிக்கிறேன் என்று காற்றையே பிடித்துக்கொள்ளும். இந்தச் சின்ன விசிறிகளுக்கு அதை இழுக்கும் தெம்பு கிடையாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஏசி ஓடும் காலத்தில் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கையேடுகளில் பொதுவாகப் போட்டிருக்கும். செம்மண் பிரதேசத்தில் இருந்தால் வாரம் ஒருமுறை பார்ப்பது எங்கள் வழக்கம். வாடகை வண்டி என்றால், சாவி கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள். எங்களுக்குக் கொடுத்தவர்கள் அதைப் பல மாதமாகத் தொடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

ஏற்கெனவே ஐஸ் பிடித்துவிட்டதா? கம்ப்ரசரை நிறுத்தி, விசிறியை மட்டும் வேகமாக ஓடவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உருகிவிடும். கத்தி, கரண்டி எதையும் மேலே நுழைக்கக் கூடாது. சுருளில் ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும்.

கழுவியும் குளிரவில்லை என்றால்

அளந்து பாருங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். இருபது நிமிடம் ஏசி ஓடியபின், உள்ளிழுக்கும் கிரில்லில் ஓர் அளவு, குளிர்காற்று வரும் வாயில் ஓர் அளவு. இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் (9 முதல் 12 செல்சியஸ்) வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். வண்டிக்குள் 95 டிகிரி இருந்தால் வாயில் 75 வருவதே நியாயம். திரையை இழுத்துவிட்டு, நிழலில் நிறுத்தி, காலையிலேயே ஏசியைப் போட்டிருக்க வேண்டும்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் இன்னும் இரண்டு இடம் பாக்கி. கிரில்லுக்கு மேலே, உள்ளிழுக்கும் அறைக்கும் குளிர்காற்று அறைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். அதில் இடைவெளி விழுந்தால் குளிர்ந்த காற்று நம்மிடம் வராமலே திரும்ப இழுபடும். அதனாலும் ஐஸ் பிடிக்கும். அலுமினிய ஒட்டுநாடாவால் அடைத்தால் தீரும். மற்றது கூரைமேல் இருக்கும் வெப்பச்சுருள். அதில் தூசி அடைத்திருந்தால் சூடு வெளியே போகாது. அத்தான் ஏறியதற்கு அங்கே வேலை இருந்திருக்கும்தான், ஆனால் அது மின்சாரத்தைத் துண்டித்து, மின்னேற்றம் தேங்கி நிற்கும் கப்பாசிட்டர்களை அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கேஸ் கடைசி. பெரும்பாலான மோட்டார்ஹோம் கூரை ஏசிகள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை; வீட்டு ஏசியில் இருப்பது போலக் கேஸ் ஏற்றும் வாயே அவற்றில் வைப்பதில்லை. "கேஸ் அடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சுலபமாகச் சொன்னால், எந்த வழியாக அடிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

காய்ந்த ஃபில்டரைத் திரும்ப மாட்டும்போது நான்கு ஓரமும் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் மடங்கியிருந்தால் காற்று அந்தச் சந்தில் புகுந்து, தூசியும் கூடவே போகும். சில வண்டிகளில் கீச்சென்று மெலிதாக ஒரு விசில்கூடக் கேட்கும். அன்று ராத்திரி எங்களுக்குக் கேட்டது. அத்தான்தான் ஸ்டூல் போட்டு ஏறி, மடங்கிய மூலையை நிமிர்த்திவிட்டு இறங்கினார்.